பத்து மதிப்பெண் வாக்கியம்

புன்னைத்துறை அமெச்சூர் வானொலிக் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது கடலில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிவாக்கில் மூழ்கத் தொடங்குவார்கள். உளுந்தவடை வருவதற்குள் காப்பாற்றப்பட்டுவிடுவார்கள், அல்லது செத்துப்போவார்கள். எது நடந்தாலும் வடை சூடாகத்தான் வரும்.

மூழ்கியவர்களில் ஒருவரும் மனிதர் இல்லை. மேசைமேல், ரேடியோவுக்கும் மைக்குக்கும் நடுவே, பிஸ்கட் டின் அளவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. ஆபத்தில் இருப்பவர்களின் குரலை அதுவே உண்டாக்கும். கிழவர், குழந்தை, கர்ப்பிணி, பாதிரியார் என்று வாரம் ஒருவர். பின்னணியில் அலை அடிக்கும், இன்ஜின் இருமும், யாரோ வாந்தி எடுப்பார்கள். உறுப்பினர்கள் முறை வைத்து மைக்கில் பேச வேண்டும். கேட்ட கேள்விக்கு அந்தக் குரல் பதில் சொல்லும், அழும், திட்டும். எல்லாம் முடிந்ததும் பெட்டியின் சின்னத் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் விழும்.

பெட்டி வருவதற்கு முன்பு கழகத்தில் இவ்வளவு உயிர்ச்சேதம் கிடையாது. சனிக்கிழமை மோர்ஸ் தந்தி வகுப்பு. மாதம் ஒருமுறை ஈயப்பற்று வகுப்பு; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து விரலைச் சுட்டுக்கொண்டு போவார்கள். உரிமம் வாங்குவதற்கான பரீட்சைக்குப் பயிற்சி. மற்ற நேரத்தில் உறுப்பினர்கள் உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது" என்று சொல்வார்கள். அவரும் அதையே சொல்வார். அதற்குச் சான்றாக இருவரும் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒருவரோடொருவர் பேச ஒன்றும் இருந்ததில்லை.

பெரும்புயல் அடித்து செல்போன் கோபுரங்கள் சாய்ந்தபோதுதான் கழகத்துக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்தது. அன்று தலைவர் ஞானதிரவியம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். செயலாளர் வேலாயுதப்பெருமாளின் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அடுத்த புயலுக்கு இப்படி ஆகக்கூடாது என்று பொதுக்குழு தீர்மானம் போட்டது. அடுத்த புயல் வரவில்லை. ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த பெட்டி வந்தது.

வானொலிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகைச் செய்தி எதுவானாலும் முன்னும் பின்னும் "ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை" என்று சொல்லிவிடுவார்கள். புன்னைத்துறையிலும் அப்படித்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டவுடன் பாதிப்பேர் நிம்மதியாகக் கைபேசியை எடுத்துவிடுவதைத் தலைவர் கவனித்தார். இன்னொரு பொதுக்குழு கூடியது.

"நெசப் புயல் சொல்லிட்டா வருது?" என்று தலைவர் கேட்டார்.

புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, வாரம் முழுக்கச் செய்தியில் சொல்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒத்திகை என்ற சொல் நீக்கப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஜெனோவா கழகத்தில் சேர வந்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை. கணவன் ராயப்பன் கடல்தொழில்.

"எதுக்கும்மா சேருத?" என்று தலைவர் கேட்டார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் அவர். கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

"எங்க வீட்டாளு கையில ஒரு வயர்லெஸ் செட்டு வச்சிருக்காவ. கொஞ்சம் தூரம் போயிட்டாலே கரைக்கு எட்ட மாட்டேங்கு. உங்க கம்பம் மாதா கோயில் கோபுரத்தவிட ஒசரம்னு சொன்னாவ. இங்கன இருந்தா கேக்கும்லா?"

"கேக்கும். ஆனா சொந்தப் பேச்சு பேசக் கூடாது. விதி."

"பின்ன என்ன பேசலாம்?"

"உங்க குரல் நல்லா கேக்குன்னு சொல்லலாம். ஏரியலப் பத்திப் பேசலாம். வானிலை பேசலாம்."

"அதுக்கா பரீட்சை?" என்றாள் ஜெனோவா.

செயலாளர் சிரித்துவிட்டார். கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பெட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் அவருக்குக் கடையை மறந்துபோகும். அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"பெட்டி நடுவுல உக்காந்திருக்கு பாத்தியா. அது முழிச்சிருந்தா நமக்கு அது சொல்லுததுதான் கேக்கும். நாம பேசுததும் அதுக்குத்தான் போவும். வெளிய போவாது."

"அப்போ நெசக் கடல் எப்போ அண்ணாச்சி கேக்கும்?"

"பெட்டிய அணைச்சா கேக்கும். ஆனா அதுல என்ன இருக்கு. வெறும் இரைச்சல்."

ஜெனோவா சேர்ந்தாள். வகுப்பில் ஒரே பெண். மோர்ஸ் சீக்கிரம் வந்தது, ஈயப்பற்று அதைவிடச் சீக்கிரம் வந்தது. பெட்டியிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள். மூழ்குகிறவர்களிடம் அவள் முதலில் "சாப்பிட்டியளா" என்று கேட்டுவிடுவாள். அதற்கு மதிப்பெண் இல்லை. இடம், ஆட்கள் எண்ணிக்கை, காயம், இந்த மூன்றையும் கேட்க வேண்டும். அதன்பிறகு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "உதவி புறப்பட்டுவிட்டது, உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது." அந்த வாக்கியத்துக்கு மட்டும் பத்து மதிப்பெண்.

"யாரு புறப்பட்டா?" என்று முதல் வாரமே ஜெனோவா கேட்டாள்.

"யாரும் புறப்படல. பெட்டிக்கு யாரு புறப்படணும்?" என்றார் செயலாளர். "தண்ணிக்குள்ள கெடக்கவனுக்கு நம்பிக்கை இருந்தாத்தான் கைய விடாம பிடிச்சிருப்பான். அதுக்கு இந்த வாக்கியம்."

வாரங்கள் போகப் போக உறுப்பினர்கள் ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். போன மாதம் மூழ்கிய பாதிரியாரின் கடைசி ஜெபத்தை வைத்து இரண்டு கட்சி பிரிந்தது. ஒரு கட்சிக்கு அது உருக்கம். இன்னொரு கட்சிக்கு நீளம். அவ்வளவு நீளமாக ஜெபித்தால் தண்ணீர் வாய்க்குள் போகாதா என்று அவர்கள் கேட்டார்கள்.

ஒரு ஞாயிறு, பெட்டி ராயப்பனின் குரலில் அலறியது.

அதே குரல், அதே கரகரப்பு. ஜெனோவா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். கடற்கரைவரை அழுதுகொண்டே ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குப் போவார்கள் என்பதைக்கூட மறந்துபோனாள். அவள் அழுத அழுகையில் பூசை முடிந்து வந்தவர்களும் அதை மறந்து இரண்டு வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். வள்ளம் கொஞ்ச தூரம் போன பிறகு, ராயப்பன் சலூனிலிருந்து பாதி முகத்தில் சோப்போடு வந்து நின்றான்.

"ஏட்டி, நான் செத்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றான்.

கடற்கரையே சிரித்தது. ராயப்பனோடு பங்குக்கு வள்ளம் ஓட்டும் சூசை மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து ஊருக்குள் ராயப்பனுக்கு 'முங்குன ராயப்பன்' என்று பெயர்.

கழகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒத்திகையின் நடுவே எழுந்து ஓடியதற்காக ஜெனோவாவைக் கண்டித்தார்கள்.

"அது எப்படி எங்க வீட்டாளு குரல்ல பேசும்?" என்று கேட்டாள்.

"பெட்டிக்குக் காது உண்டும்மா," என்றார் செயலாளர் பெருமையாக. "நீ தெனமும் இங்கன உக்காந்து போன ஸ்பீக்கர்ல போட்டு அவருட்ட பேசுதல்லா. அது கேட்டு வச்சிருக்கு. நமக்குத் தெரிஞ்சவுக குரல்ல வந்தாத்தான் மனசு உறுதிப்படும்னு அதுக்குத் தெரியும். நீ கொடுத்து வச்சவ. எனக்கெல்லாம் இன்னும் வெளியூர்க்காரன்தான் மூழ்குதான்."

ஜெனோவாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே படித்தாள். பெட்டி அதன்பிறகு ராயப்பனை இன்னும் இரண்டு முறை மூழ்கடித்தது. முதல் முறை எழுந்து பாதி வாசல்வரை போய்த் திரும்பினாள். அடுத்த முறை நாற்காலியை விட்டு எழவில்லை. இடம், ஆட்கள், காயம், பத்து மதிப்பெண் வாக்கியம். கழகத்திலேயே அதிக மதிப்பெண் இப்போது அவளுடையது. தலைவர் அவளுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போடச் சொன்னார்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் ராயப்பனும் சூசையும் கடலுக்குப் போனார்கள். சாயங்காலம் திரும்பவில்லை. சூசையின் மனைவி லில்லி வந்து ஜெனோவாவின் வாசலில் நின்றாள்.

"காத்து மாறிட்டுல்லா. தெக்க எங்கயாச்சும் கரை ஏத்தியிருப்பாவ," என்றாள் ஜெனோவா. அப்படி அடிக்கடி நடப்பதுதான். போனில் சார்ஜ் இருக்காது, மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். லில்லியும் அதைத்தான் நினைத்திருந்தாள். இன்னொருத்தி வாயால் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. ஜெனோவா கழகத்துக்குப் போனாள். அவளுடைய முறை. தலைவர் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பூசை முடிந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கரகரத்தது.

"புன்னைத்துறை... புன்னைத்துறை... யாராச்சும் இருக்கீயளா. சகாயமாதா வள்ளம். வள்ளம் கவுந்துட்டு."

"ராயப்பன் வந்துட்டாரு," என்றார் பின் வரிசையில் ஒருவர். மெல்லிய சிரிப்பு ஓடியது.

ஜெனோவா மைக்கை எடுத்தாள். "சகாயமாதா, இது புன்னைத்துறை நிலையம். உங்கள் இருப்பிடத்தைச் சொல்லவும்."

அலை ஒன்று அடித்து ஓய்ந்தது. பிறகு, "ஏட்டி, நீயா?"

"ஏட்டின்னுகூடச் சொல்லுது பாருங்க அண்ணாச்சி," என்று செயலாளர் தலைவரின் காதில் சொன்னார்.

"ஆம். இருப்பிடத்தைச் சொல்லவும்."

"ஒத்தப்பார் பாறைக்குக் கெழக்க. தண்ணி வடக்க இழுக்கு. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டோம், ஒருத்தரும் எடுக்கல. என்னட்டி படிச்சவ மாதிரி பேசுத?"

"எத்தனை பேர்? காயம் உண்டா?"

"ரெண்டு பேருதான், உனக்குத் தெரியாதா? சூசைக்குக் கையில அடி. வள்ளத்தப் பிடிக்க முடியல. நான்தான் பிடிச்சிருக்கேன்."

பின்னால் இன்னொரு குரல், பல் கிட்டித்து: "ராயப்பா, கை விட்டுப் போவுதுல."

சூசையின் குரலும் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஜெனோவா வியந்தாள். அவனும் போனில் குறுக்கே பேசுவான். நல்ல பெட்டிதான்.

"உதவி புறப்பட்டுவிட்டது. உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது," என்றாள், தெளிவாக, அவசரமில்லாமல்.

"கெளம்பிட்டாவளா? நெசமாவா?"

"புறப்பட்டுவிட்டது. பேட்டரியைச் சேமிக்கக் கருவியை அணைத்து வைக்கவும்." அதற்கு ஐந்து மதிப்பெண்.

"சரிட்டி," என்றான் ராயப்பன். ஸ்பீக்கர் அடங்கியது.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சொல்கூடச் சிந்தவில்லை என்றார் தலைவர். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். திரை இருட்டாகவே இருந்தது.

"யோசிக்கு," என்றார் செயலாளர். "நூத்துக்கு நூறு போட அதுக்கே மனசு வரல போல."

வடை வந்தது. தின்றுகொண்டே காத்திருந்தார்கள். சூசையின் குரல் இயல்பாக இருந்ததா என்று ஒரு விவாதம் நடந்தது. பல் கிட்டித்தது கொஞ்சம் மிகை என்று ஒருவர் சொன்னார், ஐப்பசியில் அவ்வளவு குளிராது. சட்னி தீர்ந்துபோய் மறுபடி வந்தது. கம்பெனிக்குப் புகார் எழுதலாம் என்று தலைவர் முடிவு செய்து, வாசகத்தைச் சொல்லத் தொடங்கினார். கைபேசியில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொன்னார். செயலாளர் தன்னுடையதில் சார்ஜ் இல்லை என்றார். அப்படியென்றால் என்னுடையதை எடு என்று தலைவர் மேசைக்குக் கீழே கையைக் காட்டினார்.

செயலாளர் குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க எந்த பிளக்கப் பிடுங்கிட்டு சார்ஜ் போட்டிய?"

"ஏதோ ஒண்ணு கெடந்துது. ஏன்?"

செயலாளர் பெட்டியின் வயரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். அவர் எழுந்து நிற்பதற்குள் ஜெனோவாவின் நாற்காலி காலியாக இருந்தது.

கடற்கரையில் அவள் ஓடி வருவதைப் பார்த்ததும் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "யாரு, முங்குன ராயப்பனா?" என்றான் ஒருவன். "சலூன்ல போய்ப் பாரு தாயி." அவள் ஒத்தப்பார் என்றாள், கிழக்கே என்றாள், தண்ணீர் வடக்கே இழுக்கிறது என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். லில்லி மட்டும் சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வள்ளத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் மற்றவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஜெனோவா சொன்ன இடத்துக்கு வடக்கே, சொன்னபடியே ராயப்பன் கிடைத்தான். கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தான். ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்திருந்தான். இன்னொரு கை எதையோ பிடித்த மாதிரி மடங்கியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஜெனோவாவிடம் சூசையைப் பற்றித்தான் சொன்னான். "வள்ளம் வாரதுக்குக் கொஞ்சம் முந்திதான் போனான். நீ கெளம்பிட்டாவன்னு சொன்னியே, அதச் சொல்லிச் சொல்லித்தான் அவன நிறுத்தி வச்சிருந்தேன். எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா, இந்தா வந்துட்டாவன்னேன். அவனும் ரொம்ப நேரம் நம்புனான்."

ஜெனோவா அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

கழகச் செயற்குழு அவசரமாகக் கூடி, பிளக் கழகத்தின் உள்விவகாரம் என்று முடிவு செய்தது. ஆனால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது ஊர் விவகாரம். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஜெனோவாவுக்குச் சான்றிதழ் தருவதென்றும், சூசையின் குடும்பத்துக்குக் கழகம் ஒரு தையல் மெஷின் தருவதென்றும் ஏற்பாடாயிற்று. பந்தல் போட்டார்கள். ராயப்பன் புதுச் சட்டையில் மேடையில் உட்கார்ந்திருந்தான். லில்லிக்கு முதல் வரிசையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி. இரண்டையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்தார்கள்.

அதிகாரி பேசினார். தலைவர் அதைவிட நீளமாகப் பேசினார். கடைசியில், அன்று நடந்ததை அப்படியே சபை முன்னால் நிகழ்த்திக் காட்டப்போவதாகச் சொன்னார். ரேடியோவில் பதிவாகியிருந்த பேச்சைச் செயலாளர் ஒரு வாரமாகப் பெட்டிக்கு ஊட்டியிருந்தார். ஜெனோவாவிடம் யாரும் கேட்கவில்லை. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பந்தலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

"புன்னைத்துறை... புன்னைத்துறை... வள்ளம் கவுந்துட்டு," என்றது பெட்டி.

மேடையில் ராயப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏட்டி, நீயா? சூசைக்குக் கையில அடி. நான்தான் பிடிச்சிருக்கேன்."

பின்னால் சூசையின் குரல் வந்தது. லில்லி புகைப்படக்காரனைக் கையால் விலக்கிவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"கெளம்பிட்டாவளா? நெசமாவா?" என்று பெட்டி கேட்டது.

தலைவர் ஜெனோவாவைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். இப்போது அந்த வாக்கியம் வர வேண்டும். அதிகாரி கைதட்டத் தயாராக இருந்தார்.

"இல்ல," என்றாள் ஜெனோவா. "ஒருத்தரும் கெளம்பல. நீங்க பேசுதது நெசம்னு நாங்க நம்பல. நான் மார்க்குக்காகச் சொன்னேன். இப்போ வடை தின்னுக்கிட்டு இருக்கோம்."

பெட்டியில் அலை அடித்தது. அதற்கு யாரும் இதுவரை இப்படிப் பதில் சொன்னதில்லை.

"அப்போ," என்றது ராயப்பனின் குரலில், "சூசைகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

மேடையில் ராயப்பன் தன் மடங்கிய கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் கண்ணைக் காட்டினார். செயலாளர் பிளக்கைத் தேடிக் குனிந்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் லில்லி.

அவள் எழுந்து மேடைக்கு வந்துவிட்டிருந்தாள். ஜெனோவாவின் முன்னால் நின்று கையை நீட்டினாள். ஜெனோவா மைக்கைக் கொடுத்தாள். லில்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத அமுக்கணும்?"

ஜெனோவா அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பக்கவாட்டில் இருந்த பொத்தானில் வைத்தாள். "பேசும்போது இத அமுக்கிப் பிடிச்சிருக்கணும். சூசை அண்ணன் சொல்லுததக் கேக்கணும்னா விட்டுரணும்."

லில்லி சரி என்று தலையசைத்து, பொத்தானை அமுக்கினாள்.